தோட்டத்து வாசலில் ஃபைபர் நிற்கிறது, லயத்துக்குள் கொண்டுவர யாரைப் பிடிப்பது?

கிராணி மகன்:

மலேசியா, பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தைப் பற்றிய கேள்வி. பெரிய சாலையோரம் ஃபைபர் ஓடுகிறது. தோட்டத்து வாசலுக்கு எதிர்த் தூணிலேயே பெட்டி தொங்குகிறது. அங்கிருந்து லயத்துக்கு 4 கிலோமீட்டர் செம்மண் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. மொத்தம் 58 வீடுகள். 36 வீடு கம்பெனி லயம், 22 வீடு தொழிலாளர்கள் சொந்தமாக வாங்கியவை. பக்கத்திலேயே ஒரு தமிழ்ப்பள்ளி. டவுனில் உள்ள எக்ஸ்சேஞ்சிலிருந்து (தொலைபேசி நிலையம்) வாசல் வரை சுமார் 9 கிலோமீட்டர் வரும்.

சேவை நிறுவனத்தைக் கேட்டால் "கவரேஜ் இல்லை" என்று ஒரே பதில். தோட்ட அலுவலகத்தைக் கேட்டால் "அவர்கள் வந்தால் நாங்களா தடுக்கிறோம்?" என்கிறார்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் வரவும் இல்லை. 4ஜி சிக்னல் அளவு வீட்டுக்குள் மைனஸ் 112 டிபிஎம், வாசற்படியில் மைனஸ் 104.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அனுமதி உண்மையில் யார் கையில் இருக்கிறது? வசதி இல்லாத இடங்களுக்குத் தொலைத்தொடர்பு சேர்க்க யு.எஸ்.பி. நிதி என்று ஒன்று இருக்கிறதே, அதில் நாங்கள் கேட்க முடியுமா? டவுனில் ஒரு லைன் எடுத்து, டிஷ் வைத்து இங்கே இழுத்து, வீட்டுக்கு 30 வெள்ளி என்று பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சட்டப்படி சரியா?

---

வழியுரிமை:

தம்பி, "யாரும் மறுக்கவில்லை" என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சம்மதமும் எழுத்தில் இல்லை, மறுப்பும் எழுத்தில் இல்லை என்றால் எந்த மேசையிலும் கோப்பு திறக்காது.

முதலில் அதிகாரம் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். தொலைத்தொடர்பு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி எம்.சி.எம்.சி. (தொடர்பு, பல்லூடக ஆணையம்) உரிமம் கொடுக்கலாம், விலையைக் கட்டுப்படுத்தலாம், தரம் கேட்கலாம். தூண் நட ஒரு குழி தோண்ட வேண்டும் என்றால் அதற்கு வேறு கையெழுத்து வேண்டும். கூட்டரசு சாலை, மாநிலச் சாலை என்றால் பொதுப்பணி இலாகா. நகராண்மைக் கழகத்தின் சாலை என்றால் கழகம். அரசு நிலம் என்றால் நில அலுவலகம். தோட்டத்து நிலம் என்றால் நிலப்பட்டாவில் பெயருள்ள கம்பெனி. மெனேஜர் அல்ல, கம்பெனி. தலைமை அலுவலகத்தின் சொத்துப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டிய தாளை மெனேஜரிடம் நீட்டினால் அவரும் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்பார். அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

கம்பெனி ஏன் தயங்கும் என்றால் இரண்டு பயம். ஒன்று மறுநடவு. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்து மறுபடி நடுவார்கள். அப்போது வரிசை மாறும், காண் (வடிகால்) மாறும், தூண் குறுக்கே நிற்கும். இரண்டாவது, நாளைக்கு நிலத்தை வீடமைப்புக்கு விற்றால் இந்தத் தூண்களால் வாங்குபவர் விலையைக் குறைப்பாரோ என்ற பயம். ஆகவே நீங்கள் "இணையம் வேண்டும்" என்று கடிதம் எழுதுவதில் பிரயோசனமில்லை. அந்த இரண்டு பயத்துக்கும் பதில் சொல்லும் கடிதம் எழுதுங்கள். பட்டாவில் பதிவாகாத சாதாரண வழியுரிமை ஒப்பந்தம் போதும். 90 நாள் நோட்டீஸ் கொடுத்தால் சேவை நிறுவனம் தன் செலவில் தூணை மாற்றும். சாயும் மரத்துக்கு நஷ்ட ஈடு. வேலை செய்பவர்கள் வாசல் காவலில் பெயர் பதிந்துதான் உள்ளே வருவார்கள். இந்த நாலும் எழுத்தில் இருந்தால் சொத்துப் பிரிவுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. அந்த 22 சொந்த வீடுகளுக்குத் தனிப் பட்டா இருக்கிறதா? இருந்தால், நிலத்தைப் பிரித்தபோது அவற்றுக்குப் போகும் பாதையை அரசிடம் ஒப்படைத்திருக்க வாய்ப்பு உண்டு. பட்டாவோடு இருக்கும் வரைபடத்தில் அந்தப் பாதை "ரிசாப் ஜாலான்" (சாலை ஒதுக்கீடு) என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் குவாலா கங்சார் நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். 4 கிலோமீட்டரில் 3 கிலோமீட்டர் அரசுச் சாலை ஒதுக்கீடு என்று தெரிந்தால், அந்தத் தூரத்துக்குத் தோட்டத்தின் கையெழுத்தே தேவைப்படாது. செம்மண் சாலையாக இருப்பதால் தோட்டத்துச் சாலை என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

யு.எஸ்.பி. நிதி: உரிமம் பெற்ற நிறுவனங்களில் வருமானம் 20 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுபவை, நிர்ணயிக்கப்பட்ட முறையில் கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் கட்டுகின்றன. ஆனால் குடியிருப்பாளர்களோ தோட்டமோ நேரடியாக அதற்கு மனுப் போட முடியாது. ஆணையம் இடங்களைக் குறிக்கும், உரிமம் பெற்ற நிறுவனங்கள் திட்டம் சமர்ப்பிக்கும், தேர்வானவருக்கு நிதி போகும். நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் இடம் அந்தப் பட்டியலில் ஏறத் தேவையான தகவலை ஆணையத்தின் மாநில அலுவலகத்தில் சேர்ப்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் மொத்த விற்பனை விலைக்கு ஆணையம் உச்சவரம்பு போட்டதும் சில்லறை விலை இறங்கியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த விதி இருக்கிற கம்பியின் வாடகையைத்தான் குறைக்கிறது. இல்லாத கம்பியை இழுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது. டவுனில் இருப்பவருக்கு மலிவு, லயத்தில் இருப்பவருக்குப் பேப்பர் செய்தி.

---

ஸ்ப்ளைஸ் பெட்டி:

நிலத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். கம்பியைப் பற்றி நான் சொல்கிறேன்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு ஃபைபருக்குப் பயன்படும் ஜிபான் முறை 20 கிலோமீட்டர் வரை தாங்கும். பி பிளஸ் வகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு 28 டிபி (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு). உங்கள் தூரத்துக்குக் கணக்குப் போட்டால்: 9 கிலோமீட்டரும் 4 கிலோமீட்டரும் சேர்த்து 13, கிலோமீட்டருக்கு 0.35 டிபி வீதம் 4.55. ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு எட்டு என்று இரண்டு கட்டப் பிரிப்பான்கள் 7.3, 10.5, ஆக 17.8. பத்து ஸ்ப்ளைசுக்கு (இழையோடு இழையை ஒட்டும் இடம்) 1 டிபி. ஆறு கனெக்டருக்கு 0.3 வீதம் 1.8. மொத்தம் 25.15. கையில் மிச்சம் 3 டிபிக்குக் கொஞ்சம் குறைவு. முடியும், ஆனால் தாராளம் இல்லை. அழுக்கான ஒரு பச்சை கனெக்டரே 1 டிபி தின்னும். கூர்மையாக வளைத்துச் சுவரில் ஆணியடித்த டிராப் கேபிள் (பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி) இன்னும் 2 தின்னும். வீட்டு மோடத்தில் ஒளியளவு மைனஸ் 22, 23 என்று காட்டினால் சரி. மைனஸ் 27ஐத் தொட்டால் மழை நாளில் சிவப்பு விளக்குதான்.

58 வீட்டுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு இழை போதும், இழைக்கு 32 வீடு. எட்டு வாசல் உள்ள பெட்டி எட்டு வேண்டும். நீங்கள் சொன்ன வாசல் தூணில் இருக்கிற பெட்டி உங்களுக்கு உதவாது. அதிலிருந்து 4 கிலோமீட்டர் டிராப் இழுக்க முடியாது. டிராப் என்பது சில நூறு மீட்டர் சமாச்சாரம். அதில் "போர்ட் காலி" என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போட்டால், வந்து பார்க்கும் குத்தகையாளர் தூரத்தைப் பார்த்துவிட்டு ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். தனி நபர் விண்ணப்பமாகப் போடவே போடாதீர்கள். புதுத் தடமாகக் கேளுங்கள்.

ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்? கணக்குக்காக மீட்டருக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலை இடத்துக்கு இடம் மாறும், விகிதத்தை மட்டும் கவனியுங்கள். 4,000 மீட்டருக்கு 160,000 ரிங்கிட். 58 வீட்டில் பாதி, அதாவது 29 பேர் சேர்ந்தால் தலைக்கு 5,517. மாதக் கட்டணத்தில் செலவு போக 40 ரிங்கிட் மிஞ்சினால் போட்ட பணம் திரும்ப 138 மாதம், பதினோரு வருஷத்துக்கும் மேல். டவுனில் 58 வீடுள்ள ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) 400 மீட்டர் போதும். அங்கே அதே கணக்கு 14 மாதத்தில் முடிந்துவிடும். எந்தக் கம்பெனியும் முதலில் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கை உடைக்க இரண்டு இடம் உண்டு. முதலாவது, தூண். 50 மீட்டருக்கு ஒன்று வீதம் 80 தூண். தோட்டத்துக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது? பெரிய மீட்டர் வாசலிலேயே நின்று, உள்ளே இருக்கும் மின்தூண்கள் தோட்டத்தின் சொத்து என்றால், அதே தூணில் உலோகமே இல்லாத ஏ.டி.எஸ்.எஸ். கேபிளைக் கட்டலாம். புதுத் தூணும் இல்லை, குழியும் இல்லை. தூண் தெனாகா மின் நிறுவனத்தின் சொத்து என்றால் அவர்களிடம் தனி அனுமதி. எதுவாக இருந்தாலும் மின்கம்பிக்குக் கீழே இடைவெளி விட்டு, சாலையைக் கடக்கும் இடத்தில் நல்ல உயரத்தில் போக வேண்டும். குலை ஏற்றும் லோரியின் கிரேன் கையை மடக்காமல் ஓட்டிப்போவதுதான் தோட்டத்தில் ஃபைபர் அறுவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் காண் வெட்டும் பேக்ஹோ. மூன்றாவது எலி. செம்பனையில் எலிக்குப் பஞ்சமே இல்லை, மண்ணில் புதைப்பதானால் கவசம் போட்ட கேபிள் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள்.

இரண்டாவது இடம், பள்ளி. ஜெண்டெலா என்ற அரசின் இணைய விரிவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பள்ளிகளிலோ அவற்றுக்கு அருகிலோ ஃபைபர் மையம் அமைத்து, அங்கிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் கிளை விடுவது என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வரும் இழை லயத்தைத் தாண்டித்தான் போகும். பள்ளிக்கு மட்டும் என்று இழுத்தால் நாலு இழைக் கேபிள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு கிளை விட இழை இருக்காது. 24 இழைக் கேபிளுக்கும் 4 இழைக் கேபிளுக்கும் உள்ள விலை வித்தியாசம், இழுக்கும் கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதைத் திட்டம் போடும்போதே கேட்க வேண்டும், இழுத்த பிறகு அல்ல.

---

கிராணி மகன்:

நன்றி அண்ணன்மார்களே. உள்ளே இருக்கும் மின்தூண்கள் தோட்டத்துடையவைதான், வாசலில்தான் பெரிய மீட்டர். பள்ளி நிற்கும் நிலமும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொன்னார்கள்.

இன்னொரு சந்தேகம். ஆன்லைனில் எங்கள் முகவரியைப் போட்டால் "கவரேஜ் இல்லை" என்றுகூட வருவதில்லை. முகவரியே இல்லை என்று வருகிறது. 58 வீட்டுக்கும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும்.

---

ஸ்ப்ளைஸ் பெட்டி:

அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. சேவை நிறுவனத்தின் கணினிக்கு 58 வீடு கிடையாது, ஒரே ஒரு அலுவலகம்தான் இருக்கிறது. தேவை எவ்வளவு என்று எண்ணும்போது நீங்கள் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறீர்கள்.

ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். லயத்தின் பெயர் அல்லது எழுத்து, வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், ஜி.பி.எஸ். அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இடம் வரை, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகள், சேரத் தயாரா இல்லையா. ஜி.பி.எஸ். எடுக்கும்போது வீட்டு வாசலில் நின்று எடுங்கள், கைத்தொலைபேசி நிலைபெற ஒரு நிமிடம் கொடுங்கள். வீட்டுக்குள் தகரக் கூரைக்கு அடியில் எடுத்தால் 30, 40 மீட்டர் தள்ளிப்போய் பக்கத்து வரிசையில் விழும். கதவில் எண் இல்லாவிட்டால் பெயின்ட் அடித்து எழுதி, எண் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். லயத்து வீடுகளுக்குத் தோட்ட அலுவலகத்தின் உறுதிக் கடிதம் வேண்டும். 22 சொந்த வீடுகளுக்கு மின்கட்டண பில் அல்லது மதிப்பீட்டு வரி ரசீது போதும்.

"சேரத் தயார்" என்பதில் பொய் வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் 24 மாத ஒப்பந்தம். அடுத்த வருஷம் ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்ய வேண்டியவர் கையெழுத்துப் போட்டால், முன்கூட்டி நிறுத்தும் கட்டணம் அவர் தலையில் விழும். அப்படிப்பட்டவர்களைத் தனிப் பத்தியில் போடுங்கள்.

---

அலைவரிசை:

ஃபைபர் வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. மைனஸ் 104 ஒன்றும் செத்துப்போன சிக்னல் இல்லை.

கைத்தொலைபேசியில் செல் விவரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு மூன்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னலின் பலம்), சின்ர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் தெளிவு), பேண்ட் எண். மூங்கில் கழியில் கட்டி 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் உயரத்தில் பாருங்கள். காலை 7, மதியம் 2, இரவு 9 என்று மூன்று நேரம். ஆர்.எஸ்.ஆர்.பி. உயரத்தோடு ஏறும், நேரத்தோடு பெரிதாக மாறாது. சின்ர் இரவில் விழுந்தால் சிக்னல் குறைவல்ல, கோபுரத்தில் கூட்டம் அதிகம் என்று பொருள். அந்த நோய்க்கு ஆன்டெனா மருந்தல்ல. வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பாருங்கள்.

பேண்ட் 8, அதாவது 900 மெகாஹெர்ட்ஸ், செம்பனையைக் கொஞ்சம் ஊடுருவும். பேண்ட் 3 என்ற 1800 ஓரளவு. பேண்ட் 7 என்ற 2600 மட்டைக்குள் போனால் திரும்பி வராது. 5ஜி என்று விளம்பரத்தில் வருவதில் பெரும்பகுதி 3.5 கிகாஹெர்ட்ஸ். தோப்புக்கு நடுவில் அதை எதிர்பார்க்காதீர்கள். 80 விழுக்காடு, 96 விழுக்காடு என்று அறிவிப்பு வரும்போது அது மக்கள் வசிக்கும் பகுதிகளின் கணக்கு, நாட்டின் பரப்பளவுக் கணக்கு அல்ல. மிச்சமிருக்கிற சில விழுக்காட்டில்தான் உங்கள் மாதிரி லயங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுக்குள் ரவுட்டரை வைத்து வெளியே ஆன்டெனாவை மாட்டி 10 மீட்டர் கேபிள் இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. அதில்தான் காசு வீணாகிறது. கடையில் கூடவே தரும் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் இந்த அலைவரிசைகளில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிபி வரை தின்னும். 10 டிபி ஆன்டெனா வாங்கி 10 டிபி கேபிளில் விட்டால் கையில் பூஜ்யம். அதற்குப் பதில் வெளியில் மாட்டும் வகை 4ஜி மோடத்தையே கம்பத்தின் உச்சியில் வையுங்கள். கீழே வருவது வெயில் தாங்கும் கேட் 6 கேபிள். அதிலேயே மின்சாரமும் மேலே போகும், 100 மீட்டர் வரை இழப்பு இல்லை. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிள் வழியாகவே அடாப்டருக்கு வந்து சேரும். கம்பத்தைத் தரைக்கம்பியோடு இணையுங்கள், உள்ளே சர்ஜ் தடுப்பான் போடுங்கள். பேராக்கின் மாலை இடியில் முதலில் போவது ஈதர்நெட் வாசல்தான்.

இரண்டு எச்சரிக்கை. சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாத கருவி வேண்டாம். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் பக்கமே போகாதீர்கள்: அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம், அது கோபுரத்துக்கே இரைச்சல் அனுப்பி உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சின்ரையும் கெடுக்கும். மற்றது, வீட்டு வயர்லெஸ் திட்டங்கள் சில முகவரியோடு பூட்டப்பட்டவை. டவுன் முகவரியில் எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் வேலை செய்யாது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

ஸ்டார்லிங்க் பற்றி யாராவது கேட்பீர்கள். 2023 ஜூலையில் இங்கே உரிமம் கிடைத்தது. தொடங்கியபோது மாதம் 220 ரிங்கிட், கருவி 2,300. ஒரு பால்வெட்டுக்காரரோ குலை அறுப்பவரோ தனியாகத் தாங்குகிற விலை அல்ல. வானம் திறந்திருக்க வேண்டும் என்பதால் கூரைக்கு மேல் உயர்ந்த மரம் பக்கத்தில் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்து அறுந்து வரும். பள்ளிக்கோ பாலாய் ராயாவுக்கோ (பொது மண்டபம்) ஒன்று என்றால் யோசிக்கலாம்.

---

ஸ்ப்ளைஸ் பெட்டி:

டிஷ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தொழில்நுட்பத்தில் முடியும் என்று மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

5.8 கிகாஹெர்ட்ஸில் அனுமதிக்கப்பட்ட மொத்த வீச்சு 1 வாட், அதாவது 30 டிபிஎம், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து. 23 டிபிஐ டிஷ் என்றால் கருவியை 7 டிபிஎம்மில்தான் வைக்க வேண்டும். கருவியின் அமைப்பில் நாட்டை வேறு ஏதோ என்று மாற்றி முழு வீச்சில் விடுவது பலரின் பழக்கம். அதுதான் பிடிபடும் வழியும். உதாரணத்துக்கு நேர்கோட்டில் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றுவெளியில் ஏற்படும் இழப்பு 117 டிபி. 30இல் 117ஐக் கழித்து, எதிர்ப்பக்க டிஷ்ஷின் 23ஐக் கூட்டினால் மைனஸ் 64. அருமையான லிங்க்.

ஆனால் நடுவில் செம்பனை. நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது, கோட்டைச் சுற்றி நடுப்பகுதியில் 6 மீட்டர் ஆரத்துக்கு ஒரு கற்பனை உருளை. அதில் 60 விழுக்காடு, அதாவது கிட்டத்தட்ட 4 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். மரம் 12 மீட்டர் என்றால் ஆன்டெனா 16இல். மரம் வருஷத்துக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். ஐந்து வருஷத்தில் 2 மீட்டர் போய்விடும். ஆகவே 18, 19 மீட்டர் உயரம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் இருக்கிறதா பாருங்கள்.

---

வழியுரிமை:

தம்பி ஸ்ப்ளைஸ் சொன்ன லிங்க் போடலாம். வீட்டுக்கு 30 வெள்ளி வாங்குவதில்தான் வில்லங்கம்.

காசுக்கு இணையம் கொடுப்பது உரிமத்துக்கு உட்பட்ட சேவை. பயன்பாட்டுச் சேவை வழங்குநர் என்ற வகுப்பு உரிமத்தில் ஆணையத்திடம் பதிந்திருக்க வேண்டும். பிறர் நிலத்தைத் தாண்டி உங்கள் சொந்தக் கம்பி, கோபுரம் என்று வந்தால் வலையமைப்பு வசதி வழங்குநர், வலையமைப்புச் சேவை வழங்குநர் உரிமங்களின் பேச்சு வரும்; அது சின்ன ஆள் விளையாடும் ஆட்டமல்ல. உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும், டவுனில் எடுக்கும் வீட்டு லைனின் ஒப்பந்தமே மறுவிற்பனையைத் தடை செய்கிறது. பிடித்தால் லைனை வெட்டிவிடுவார்கள், 58 வீடும் ஒரே நாளில் இருட்டு. வசூலித்தவர் யாரோ, சண்டையும் அவரோடுதான்.

அதைவிட நேரான வழி: தோட்டக் கம்பெனியே தன் அலுவலகத்துக்கு வணிக லைன் எடுத்து, தன் நிலத்துக்குள், தன் தொழிலாளர்களுக்கு, காசு வாங்காமல் பாலாய் ராயாவில் வைஃபை கொடுப்பது. தொழிலாளர் வீடமைப்பு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, தண்ணீரும் மின்சாரமும் கேட்கிறது, இணையத்தைக் கேட்கவில்லை. ஆகவே இது கம்பெனியின் மனசைப் பொறுத்தது. சம்பளச் சீட்டு, விடுப்பு, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) எல்லாம் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்ட காலத்தில் அலுவலகத்துக்கும் அதனால் வேலை குறையும் என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் காரணம் எடுபடும்.

இனி மனுவின் வரிசை. முதலில் நில அலுவலகத்தில் லாட் தேடல். அடுத்து வீட்டு அட்டவணை. அடுத்து கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு வழியுரிமைக் கடிதம், மின்தூண் பயன்பாட்டையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து, ஃபைபர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒன்று, எம்.சி.எம்.சி. மாநில அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒவ்வொன்று. சட்டமன்ற உறுப்பினர் எதற்கு என்றால் நிலம் மாநிலத்துடையது என்பதால். பலரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சேவை நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லாவிட்டால் முதலில் அவர்களிடமே புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் ஆணையத்தின் 1800-188-030க்கு அழைத்தால் மறுபடி அங்கேயே திருப்பி அனுப்புவார்கள்.

---

கிராணி மகன்:

லாட் தேடலுக்கு இந்த வாரமே போகிறோம். தூண் கணக்கு எடுக்க ஆள் இருக்கிறது. கடிதத்தோடு வரைபடம் கையால் வரைந்தால் போதுமா, சர்வேயர் வேண்டுமா?

---

ஸ்ப்ளைஸ் பெட்டி:

சர்வேயர் வேண்டாம், அது நிறுவனம் பிறகு செய்யும். செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டு அச்செடுங்கள். ஒவ்வொரு மின்தூணுக்கும் ஒரு எண், அதன் ஜி.பி.எஸ்., மரமா கான்கிரீட்டா இரும்பா, சாய்ந்திருக்கிறதா. பழைய மரத் தூண்களின் அடியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கரையான் தின்றுவிட்டது, பட்டியலில் "மாற்ற வேண்டும்" என்று போடுங்கள். சாலை கடக்கும் இடங்கள், பாலம், காண் எல்லாவற்றையும் குறியுங்கள். அடுத்த மறுநடவு எந்தப் பிளாக்கில், எந்த வருஷம் என்று கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) கேட்டு அதையும் வேறு நிறத்தில் தீட்டுங்கள். இரண்டு வருஷத்தில் சாய்க்கப்போகும் பிளாக் வழியாகக் கோடு போட்டிருந்தால் சொத்துப் பிரிவு முதல் பக்கத்திலேயே கடிதத்தை மூடிவிடும்.